கரி அடுப்பு விடிய விடிய நிற்க

(வானொலியின் பண்ணை ஒலிபரப்பில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



நெல்லுக்கு மேலுரம், கத்தரிக்குக் காய்ப்புழு என்று பேசிக்கொண்டிருந்தவர் இன்றைக்கு அடுப்பங்கரைக்குள் நுழைகிறாரே என்று நினைக்க வேண்டாம். போன மழைக்காலத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். அங்கே நாட்டுக்கோழி வளர்க்கும் ஒரு அம்மா என்னை நிறுத்திக் கேட்டார்கள்: "சார், சாயங்காலம் ஆறு மணிக்குக் கரி போடறேன். பத்து மணிக்கெல்லாம் சாம்பலாயிடுது. ராத்திரி ரெண்டு தடவை எழுந்து போட வேண்டியிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் நின்னு எரிய ஏதாவது வழி இருக்கா?"

வழி இருக்கிறது. அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்ததால் நின்ற இடத்திலேயே பாதி பதிலைச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டேன். மீதிப் பாதியைச் சொல்லாமல் வந்தது தப்பு என்று வீடு வந்த பிறகுதான் உறைத்தது. ஏனென்றால் அந்த மீதிப் பாதியில்தான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது. அந்த அம்மாவிடம் மறுநாளே போய்ச் சொல்லிவிட்டேன். இன்றைக்கு உங்களுக்கு முழுவதையும் சொல்கிறேன்.

கேஸ் வந்த பிறகு கரி அடுப்பு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவசரச் சமையலுக்குக் கேஸுக்கு மிஞ்சியது இல்லை; நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நிதானமாக, நெடுநேரம் சூடு வேண்டிய வேலைகள் விவசாயி வீட்டில் எத்தனையோ. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, தவிட்டுக் கஞ்சி காய்ச்சுவது, கன்று போட்ட மாட்டுக்கு வெந்நீர், பாலைச் சுண்டக் காய்ச்சுவது, மின்சாரம் போன ராத்திரியில் கோழிக் குஞ்சுக்குக் கதகதப்பு. இதற்கெல்லாம் 14.2 கிலோ சிலிண்டரை எரித்தால் மாசக் கடைசியில் கை பிசைய வேண்டியதுதான். அதனால்தான் பல வீடுகளில் பரணில் ஏறிய குமுட்டி அடுப்பு மறுபடியும் கீழே இறங்கியிருக்கிறது.

எனக்குக் குமுட்டி அடுப்பைப் பழக்கி வைத்தது எங்கள் பாட்டி. நான் பிறந்து வளர்ந்தது முகப்பேர். இன்றைக்குச் சென்னை மாநகராட்சிக்குள் அடுக்குமாடியாக நிற்கிற ஊர். நான் சின்னப் பையனாக இருந்த 1980-களின் கடைசியில் ஒரு பக்கம் வீட்டு வசதி வாரிய மனைகள் வந்துகொண்டிருந்தன. இன்னொரு பக்கம் வயலும் பனைமரமும் மிச்சம் இருந்தன. கேஸுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. பாட்டியின் அடுப்பில் எரிந்தது லெகோ. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பேர் ஞாபகம் இருக்கும்.

1956-இல் தொடங்கிய நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஒரு காலத்தில் செய்து தந்த சமையல் கரி அது. பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர்தான். அதைப் பொடித்து, உலர்த்தி, கட்டியாக அழுத்தி, காற்றுப் படாமல் சுட்டு எடுத்தால் லெகோ. புகை குறைவு, கட்டி உறுதி. ஆனால் சீக்கிரம் பற்றாது. கீழே கொஞ்சம் மரக்கரியைப் போட்டுப் பற்றவைத்து, அது கனிந்த பிறகு மேலே லெகோவைப் போட்டு விசிற வேண்டும். பற்றிக்கொண்டால் லேசில் அணையாது. அந்த லெகோ தயாரிப்பு நின்று வெகுகாலம் ஆகிறது. இன்று கடையில் கேட்டால் கடைக்காரரே விழிப்பார். ஆனால் அதை வைத்துப் பாட்டி செய்த வித்தை மரக்கரிக்கும் அப்படியே பொருந்தும்.

என்ன வித்தை? சோறு வடித்ததும் பாட்டி அடுப்பின் அடிவாயில் ஒரு ஓட்டுத் துண்டைச் சார்த்திவிடுவார்கள். அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் அதே அளவு கரி ஒன்பது மணிக்கு அணைந்திருக்கும். எங்கள் வீட்டில் தாத்தா கடைசியாகப் படுக்கப் போகும்போது குடிக்கிற பால் வரைக்கும் அடுப்பு சூடாக இருக்கும்.

கரி எவ்வளவு நேரம் எரியும் என்பதைத் தீர்மானிப்பது கரியின் அளவு மட்டும் இல்லை, காற்றின் அளவும்தான். இதைத்தான் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கிலோ கரிச்சத்து முழுதாக எரிய 11 கிலோவுக்கு மேல் காற்று வேண்டும். எடையாகச் சொன்னால் புரியாது, இடமாகச் சொல்கிறேன். எட்டடி நீளம், ஆறடி அகலம், ஏழடி உயரமுள்ள ஒரு சின்ன அறையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் இருக்கிற காற்று மொத்தமும் ஒரு கிலோ கரிக்குத் தேவை. இந்தக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் இன்னொரு காரியத்துக்கு வேண்டியிருக்கும். இவ்வளவு காற்றும் அடுப்பின் அடிவாய் வழியாகத்தான் உள்ளே போகிறது. ஒரு மணி நேரத்தில் போனால் கரி ஒரு மணி நேரத்தில் தீரும். ஏழு மணி நேரத்தில் போனால் ஏழு மணி நேரம் தாங்கும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி, கரி அடுப்புக்கு அடிவாய்.

உங்கள் அடுப்பின் அடிவாய்க்குக் கதவு இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. வெறும் சதுர ஓட்டைதான் இருக்கும். ஒரு தகரத் துண்டை அந்த வாயைவிட ஒரு விரற்கடை பெரிதாக வெட்டி, பக்கவாட்டில் நகர்த்துகிற மாதிரி மாட்டிக்கொண்டால் போதும். மண் அடுப்பானால் ஒரு செங்கல் துண்டே போதும். கரி பற்றுகிற வரைக்கும் வாய் முழுதும் திறந்திருக்கட்டும். உலை கொதிக்கிற வரைக்கும் பாதி. கொதித்த பிறகு ஒரு விரற்கடை. அதற்கு மேல் திறந்து வைப்பது, மடை திறந்துவிட்டுத் தூங்கப் போவது மாதிரி.

கதவு வைத்தும் பயன் இல்லை என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் காற்று வேறு வழியில் திருட்டுத்தனமாகப் போகிறது என்று அர்த்தம். அடுப்பு நன்றாக எரியும்போது ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, அடுப்பைச் சுற்றிலும் மூட்டுகளுக்குப் பக்கத்தில் மெதுவாகக் கொண்டு போங்கள். எந்த இடத்தில் புகை உள்ளே இழுக்கப்படுகிறதோ அங்கே ஓட்டை இருக்கிறது. தகரம் துருப்பிடித்த இடம், தட்டும் சுவரும் சேரும் இடம், விரிசல் விட்ட மண் எல்லாம் இதில் அகப்பட்டுவிடும். அடுப்பு ஆறிய பிறகு களிமண்ணும் சலித்த சாம்பலும் குழைத்துப் பூசி, நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

அடுத்தது அடுப்பின் சுவர். வெறும் தகரக் குமுட்டி பார்க்க லேசாக இருக்கும், வாங்கவும் மலிவு. ஆனால் உள்ளே இருக்கிற சூட்டில் பெரும்பகுதி சுவர் வழியாக ஊரைச் சூடேற்றப் போய்விடும். சூடு போய்விடுவதால் நாம் காற்றைக் கூட்டுகிறோம். காற்றைக் கூட்டுவதால் கரி சீக்கிரம் தீர்கிறது. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டிலும் இந்தத் தொந்தரவுதான் இருந்தது. அங்கே ஜிக்கோ என்ற தகரக் கரி அடுப்புதான் வீட்டுக்கு வீடு. 1980-களின் தொடக்கத்தில் தாய்லாந்து நாட்டு வாளி அடுப்பைப் பார்த்து, தகரத்துக்கு உள்ளே சுட்ட மண் கூடு ஒன்றைப் பொருத்தினார்கள். பழைய அடுப்புக்கு ஆகிற கரியில் மூன்றில் ஒரு பங்காவது மிச்சம் என்று கணக்கெடுத்தார்கள். அந்த அடுப்பு இப்போது கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவிவிட்டது.

இதற்கு நாம் கென்யா போக வேண்டியதில்லை. வயலிலேயே சாமான் இருக்கிறது. புற்றுமண் அல்லது நல்ல களிமண் இரண்டு பங்கு, சலித்த உமிச் சாம்பல் ஒரு பங்கு, பொடியாக நறுக்கிய வைக்கோல் ஒரு கைப்பிடி. இதை இரண்டு நாள் புளிக்க வைத்து மிதித்து, குமுட்டியின் உள்சுவரில் ஒரு அங்குல கனத்துக்கு அப்புங்கள். உமிச் சாம்பல் சூட்டைக் கடத்தாத பொருள். இரும்பு உருக்காலைகளில்கூட உருகிய இரும்பின் சூடு போகாமல் இருக்க மேலே இதைத்தான் தூவுகிறார்கள். நாம் அரிசி ஆலை வாசலில் மலையாகக் கொட்டி வைத்திருக்கிறோம். உள்ளே மண் பூசினால் கரி பிடிக்கிற இடம் கொஞ்சம் குறையும். அதனால் நஷ்டம் இல்லை, குறைந்த கரியிலேயே அதே வேலை நடக்கும். பூசிய பிறகு ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, முதல் இரண்டு நாள் சின்னத் தணல் போட்டுப் பதப்படுத்தி, அப்புறம் முழு நெருப்பு போடுங்கள். விரிசல் விட்டால் அதே கலவையைத் தடவினால் சரியாகிவிடும்.

கரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். கையில் எடுத்தால் கனமாக இருக்கிற கரி நின்று எரியும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வருகிற சீமைக் கருவேலங்கரி அந்த ரகம். முருங்கை, இலவம் மாதிரி மெதுவான மரத்துக் கரி பஞ்சு மாதிரி போய்விடும். கொட்டாங்கச்சிக் கரி சூடு அதிகம். கரி காற்றிலிருந்தே ஈரம் இழுக்கும். மழைக்காலத்தில் தரையில் மூட்டையை வைக்காமல் இரண்டு கட்டையின் மேல் வையுங்கள்.

ஆனால் அடுக்குகிற விதத்தில்தான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். ராத்திரி நேரத்துக்கு ஒரே அளவு கரியாகப் போட்டால் இடையில் பெரிய பெரிய சந்து விழும். காற்று ராஜபாட்டையில் போகிற மாதிரி போகும். கீழே எலுமிச்சம்பழ அளவுக் கட்டிகளை நெருக்கமாக அடுக்குங்கள். நடுவில் சின்னக் கட்டிகளைச் சந்துகளில் செருகுங்கள். தூளை மட்டும் போடாதீர்கள், அது தட்டின் துளையை அடைத்துவிடும். அப்புறம், பற்ற வைப்பது கீழிருந்து வேண்டாம். முன்னமே கனிந்த நாலைந்து கங்குகளை மேலே வைத்துவிடுங்கள். கீழிருந்து பற்றவைத்தால் நெருப்பு கிடுகிடுவென்று மேலே ஏறி ஒரே நேரத்தில் எல்லாக் கரியும் கனிந்துவிடும். மேலிருந்து வைத்தால் நெருப்பு படிப்படியாகக் கீழே இறங்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு நாள் இப்படியும் ஒரு நாள் அப்படியும் செய்து மணியைக் குறித்துப் பாருங்கள். கரியை நிறுத்துப் போடுங்கள், குத்துமதிப்பு வேண்டாம். என் வீட்டு மண் பூசிய அடுப்பில் ஒரு கிலோ கரி திறந்த வாயில் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அடிவாயைச் சுருக்கி, மேலிருந்து பற்றவைத்தால் ஏழு மணி நேரம் போகிறது.

பாத்திரத்துக்கு மூடி போடுங்கள் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள், இதெல்லாம் ஒரு யோசனையா என்று. கணக்கைப் பாருங்கள். 5 லிட்டர் தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 350 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அந்தத் தண்ணீரில் ஒரே ஒரு லிட்டர் ஆவியாகப் போனால் அது கொண்டு போகும் வெப்பம் 540 கிலோ கலோரி! கொதிக்க வைத்த செலவைவிட ஆவியில் விட்ட செலவு அதிகம். திறந்த பானையில் தளதளவென்று கொதித்தால் கஞ்சி சீக்கிரம் வெந்துவிடாது. கொதிக்கிற தண்ணீர் எவ்வளவு குதித்தாலும் சூடு அதேதான். மூடி போட்டு, அடிவாயை ஒரு விரற்கடைக்குச் சுருக்கினால் அதே வேலை குறைந்த கரியில் நடக்கும்.

இனி சாம்பல். "நீறு பூத்த நெருப்பு" என்று நம் முன்னோர்கள் சும்மா சொல்லவில்லை. தீப்பெட்டி இல்லாத காலத்தில் ராத்திரி கங்குகளை ஒன்று சேர்த்துச் சாம்பலால் மூடி வைப்பார்கள். விடியற்காலையில் சாம்பலை விலக்கினால் உள்ளே செக்கச்செவேல் என்று இருக்கும். அதிலிருந்து பக்கத்து வீட்டுக்கும் நெருப்புக் கொடுப்பார்கள். சாம்பல் செய்கிற வேலை இரண்டு. காற்றைக் கொஞ்சமாகக் கசியவிடுகிறது, சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. முகப்பேரில் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த ஒரு பெரியவர் இதில் கைதேர்ந்தவர். மத்தியானம் சாப்பிடப் போகும்போது பெட்டியில் இருக்கிற கொட்டாங்கச்சிக் கங்குகளை ஒரு மண்சட்டியில் கொட்டி, மேலே சாம்பலைத் தூவிவிட்டுப் போவார். திரும்பி வந்து ஒரு ஊது ஊதினால் பெட்டி தயார். இன்று அந்தத் தொழிலில் பலர் கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டார்கள். அந்தப் பெரியவருக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை. நான் பி.எஸ்ஸி. படித்துத் தெரிந்துகொண்டதை அவர் கையில் வைத்திருந்தார்.

ராத்திரிக்குக் கரி போடுவதற்கு முன்னால் தட்டை லேசாக ஆட்டிக் கீழே இருக்கிற சாம்பலை வாரிவிடுங்கள். கரி போட்டு, கனல் இறங்கத் தொடங்கியதும் மேலே மெல்லிய சாம்பல் போர்வை. அதற்குப் பிறகு கிளறக் கூடாது. எட்டி எட்டிப் பார்த்துக் குச்சியால் குத்துகிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் பாதிக் கரியைத் தின்கிறது.

சரி, இதுதான் அந்த அம்மாவிடம் நான் முதல் நாள் சொன்ன பாதி. இனி அந்த மீதிப் பாதி. ரேடியோவைச் சற்று சத்தமாக வைத்துக் கேளுங்கள்.

காற்றைக் குறைத்தால் கரி நெடுநேரம் நிற்கும் என்று சொன்னேன். ஆனால் காற்றுக் குறைந்த கரி அரைகுறையாக எரியும். அப்போது அதிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. நன்றாக எரிகிற கரியின் மேல் நீலநிறத்தில் சின்னச் சின்னச் சுடர் ஆடுமே, அது இந்த வாயு எரிகிற சுடர்தான். சுடர் தெரிந்தால் வாயு எரிந்துபோகிறது. சாம்பல் போர்த்தி, சுடர் இல்லாமல் மந்தமாக இருக்கும்போது வாயு எரியாமல் வெளியே வருகிறது. கரிச்சத்து ஒரு கிலோ முழுதாக எரிந்தால் ஏறக்குறைய 7,800 கிலோ கலோரி சூடு தரும். பாதியில் நின்று இந்த வாயுவாகப் போனால் கிடைப்பது சுமார் 2,200 மட்டும். ஆகவே ஒரேயடியாக அடைப்பதும் நஷ்டம்தான். அதனால்தான் ஒரு விரற்கடை என்றேன், முழுக்க மூடச் சொல்லவில்லை.

நஷ்டம் போனால் போகட்டும். இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது, இருமல் வராது. விறகுப் புகையானால் நம்மை வெளியே விரட்டிவிடும். இது தாலாட்டித் தூங்க வைக்கும். நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற சிவப்புப் பொருளோடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, அப்புறம் தலைசுற்றல், வாந்தி, கால் துவளுதல். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இதில் ஒன்றுமே தெரியாது.

இது புத்தகத்தில் படித்ததோடு நிற்கவில்லை. முகப்பேரில் சந்தான சீனிவாசப் பெருமாள் கோயில் இருக்கிறது. பிள்ளை வரம் வேண்டி எங்கெங்கிருந்தோ வருவார்கள். மகப்பேறு என்பதுதான் முகப்பேர் என்று ஆயிற்று என்று ஊரில் சொல்வார்கள். அப்படி வேண்டிக்கொண்டு எட்டு வருஷம் கழித்து என் சித்திக்குக் குழந்தை பிறந்தது. கார்த்திகை மாசம், அடைமழை. மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. பிள்ளை பெற்ற உடம்புக்குக் குளிர் ஆகாது என்று பாட்டி, அந்தக் குமுட்டியை, அதே ஓட்டுத் துண்டைச் சார்த்தி, சித்தி படுத்திருந்த அறைக்குள் வைத்தார்கள். சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் பழைய புடவையையும் செருகினார்கள். எல்லாம் பாசத்தில் செய்தது.

நடுராத்திரியில் என் அம்மா குழந்தைக்குப் பால் கொடுக்க எழுப்பலாம் என்று போனார்கள். சித்தி எழுந்திருக்கவில்லை. கன்னத்தைத் தட்டினால் முனகினார்கள். குழந்தை அழவே இல்லை. அம்மாவுக்கே இரண்டு நிமிஷத்தில் தலை சுற்றியிருக்கிறது. என்ன தோன்றியதோ, முதலில் கதவைத் திறந்துபோட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையில் வாசலுக்கு ஓடி வந்தார்கள். அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சித்தியைத் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்துப் பிழைக்க வைத்தார்கள். காற்று சேஷ்டை என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். காற்றுதான், சேஷ்டை இல்லை. அந்தக் குழந்தை இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பாட்டி அதற்குப் பிறகு சாகும் வரை அந்த ஓட்டுத் துண்டைக் கையால் தொடவில்லை. கரி பாட்டுக்குத் தீரட்டும் என்று விட்டுவிட்டார்கள். பாட்டி செய்ததில் ஓட்டுத் துண்டு தப்பே இல்லை, அடுப்பு இருந்த இடம்தான் தப்பு என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்கிற வயசு எனக்கு அப்போது இல்லை.

முன்னே சொன்ன அறைக் கணக்கை இப்போது எடுங்கள். ஒரு கிலோ கரிக்கு ஒரு சின்ன அறைக் காற்று முழுவதும் வேண்டும். அந்த அறைக்குள் ஒரு தாயும் பிள்ளையும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

தென் கொரியாவில் 1960, 70-களில் ஊர் ஊராக இந்தத் துயரம் நடந்தது. அங்கே வீட்டுக்கு வீடு யோன்டான் என்ற உருளைக் கரிதான். நிலக்கரித் தூளை அழுத்தி, தேன்கூடு மாதிரி 22 துளை போட்டு, 3.6 கிலோ எடையில் செய்வார்கள். காற்று வாயைச் சுருக்கிவிட்டால் ராத்திரி நேரத்துக்குத் தாங்கும். அந்தச் சூட்டைத் தரைக்கு அடியில் குழாய் மாதிரிப் போகவிட்டு, அந்தத் தரைமேல் படுத்துத் தூங்குவார்கள். தரையில் ஒரு மயிரிழை விரிசல் விட்டால் போதும். வருஷா வருஷம் நூற்றுக்கணக்கில் குடும்பம் குடும்பமாகத் தூக்கத்திலேயே போனார்கள். நம் ஊட்டி, கொடைக்கானல் பக்கத்திலும் குளிருக்குக் கரித்தணலை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி அவ்வப்போது வருகிறது.

அதனால் தாய்மார்களே, காற்றைச் சுருக்கிய அடுப்புக்கு இடம் தாழ்வாரம், திண்ணை, மாட்டுக்கொட்டகையின் திறந்த பக்கம். ஆள் தூங்குகிற அறைக்குள் ஒரு கங்குகூடக் கூடாது. சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறேன், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்திருக்கிறேன் என்று சமாதானம் சொல்ல வேண்டாம். தண்ணீர் இந்த வாயுவை இழுத்துக்கொள்ளாது. பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுகிறீர்கள். போடுங்கள், ஆனால் கதவு, சன்னல் இரண்டையும் திறந்து வைத்து, முடிந்ததும் தணல் சட்டியை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். யாருக்காவது மயக்கம் என்றால் காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து 108-க்குப் போன் பண்ணுங்கள். கரி அடுப்பு இருந்தது என்பதை ஆஸ்பத்திரியில் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் வேறு நோயைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கோழிக் குஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். சூடு போதுமா என்று குஞ்சே சொல்லிவிடும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடுப்பைச் சுற்றி நெருக்கினால் குளிர். எட்டி ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. அந்த அம்மாவின் கொட்டகையில் நான்கு பக்கமும் சாக்குப் படுதாவைத் தரையிலிருந்து கூரை வரை கட்டியிருந்தார்கள். சூடு போகாமல் இருக்க நல்ல யோசனைதான்; ஆனால் உள்ளே காற்றைச் சுருக்கிய கரி அடுப்பு. குஞ்சும் மூச்சு விடுகிற ஜீவன்தானே. மறுநாள் போனபோது படுதாவின் மேல்பக்கம் இரண்டு முழம் இறக்கிவிடச் சொன்னேன். சூடான வாயு மேலே ஏறி அந்த வழியாகப் போய்விடும். கீழே குஞ்சுகளுக்குக் குளிர்காற்று நேரே அடிக்காது. அடுப்பைச் சுற்றி ஒரு முழத் தூரத்தில் கம்பி வலை, மேலே தகர மூடாக்கு. முன்னே இரண்டு தடவை எழுந்தவர் இப்போது ஒரு தடவை எழுகிறார். அந்த ஒரு தடவையையும் நிறுத்தச் சொல்லவில்லை. குஞ்சு இருக்கிற கொட்டகையை ராத்திரி ஒரு தடவையாவது எட்டிப் பார்ப்பது நல்லதுதான். அவரும் அங்கே உட்கார்ந்தபடி கண் அயரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

கரி மூட்டையின் அடியில் தங்குகிற தூளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பத்துப் பங்கு தூளுக்கு ஒரு பங்கு களிமண், கொஞ்சம் சாணம் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்து வெயிலில் உலர்த்துங்கள். சென்னையில் முன்பெல்லாம் பழைய குடும்பங்களில் மொட்டை மாடியில் கரி உருண்டை காய்ந்ததுண்டு. எரியும்போது மண் ஓடு மாதிரி மேலே நின்றுகொண்டு காற்றை மெதுவாக விடும். சாணத்துக்குப் பதிலாக மரவள்ளி மாவுக் கஞ்சியும் சேர்க்கலாம், நாற்றம் இருக்காது. மர அறுவை மில் பக்கத்தில் இருப்பவர்கள் மரத்தூள் அடுப்பையும் யோசிக்கலாம். டப்பாவின் நடுவில் ஒரு உருட்டுக் கட்டையை நிறுத்தி, தூளை இறுக்கி இடித்து, கட்டையை உருவினால் நடுவில் துளை. கீழே பற்றவைத்தால் அந்தத் துளைச் சுவரே மெல்ல மெல்ல எரிந்து பல மணி நேரம் போகும். தூளை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நேரம். புகை கொஞ்சம் உண்டு, அதனால் இதையும் வெளியில்தான் வைக்க வேண்டும்.

காலையில் அடுப்பை வாரும்போது ஒன்று கவனியுங்கள். சாம்பல் வெள்ளையாக இருக்கிறது, ஆறிவிட்டது என்று நினைத்து நேரே குப்பைக்குழியில் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு கங்கு ஒளிந்துகொண்டிருக்கும். வைக்கோல் போர் பக்கத்தில் இருந்தால் மத்தியானக் காற்றுக்கு அது போதும். ஒரு பழைய மண்பானையில் கொட்டி மூடி, மறுநாள் எடுங்கள். மூடிய பானையில் கங்கு அணைந்து மறுபடியும் கரியாகவே கிடைக்கும். சலித்தால் கட்டி அடுப்புக்கு, சாம்பல் தென்னைக்கு.